ஒரு ரேடியேட்டர் ஹோஸும் இரண்டு பிடிவாதங்களும்

"அதை விடுங்க... நான்தான் முதல்ல எடுத்தேன்!"

"நீங்க எடுத்தது பெட்டியை. ஹோஸை எடுத்தது நான்."

வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. உதிரிபாகக் கடையின் கவுன்டர் மேல் வளைந்து நெளிந்த ஒரு கறுப்பு ரப்பர் ஹோஸ். அதன் ஒரு முனை அவள் கையில். மறுமுனை ஒரு நெட்டையனின் கையில். காலிப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவள் பிடியை இறுக்கினாள்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த மாடல் ஸ்போர்ட்ஸ் கார் வந்தே இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. பத்து வருஷமா ஒருத்தரும் இதைக் கேக்கல. இன்னிக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேர்... என் நேரம்!"

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. கண் என்றால் அவளுக்குக் கருவிழி, லென்ஸ், நரம்பு... அவ்வளவுதான். ஆனால் அந்த நெட்டையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஏதோ ஒன்று தடுக்கி விழுந்தது. அவன் இமை முடியில் வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. மாவு!

"கண்ணுல மாவு ஒட்டியிருக்கு" என்றாள், சண்டைக்கு நடுவிலேயே.

"பேக்கரி வச்சிருக்கேன். அதுக்காகப் பேச்சை மாத்தினா ஹோஸை விட்டுடுவேன்னு நெனைக்காதீங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கையிலிருந்த முனையை விரலால் அமுக்கினாள். அமுங்கவில்லை. லேசாக மடக்கினாள். வளைவின் மேல் தலைமுடி போல மெல்லிய கோடுகள்... ஒன்று, இரண்டு, பத்து...

"போச்சு" என்றாள். "பெட்டிக்குள்ள இருந்தே கிழடு தட்டிடுச்சு. மாட்டினா ஒரு வாரம் தாங்காது."

அவனும் மடக்கிப் பார்த்தான். இவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டது இதற்காகவா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

கடைக்காரர் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். "உள்ளே வேற வண்டிங்களோட ஹோஸ் இருக்கு. ஏதாவது ஒத்துவருதான்னு தேடிக்குங்க. என்னை விட்டுடுங்க!"

சுவர் முழுக்க ஆணி. ஆணிதோறும் ஹோஸ்கள். ரப்பர் வாசனை மூக்கைத் துளைத்தது. அவள் பையிலிருந்து உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்திருந்த பழைய ஹோஸை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவன் அதற்குள் பளபளக்கும் நீல நிற சிலிக்கான் ஹோஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது எப்படி? பார்க்கவே கம்பீரமா இருக்குல்ல?"

"மாப்பிள்ளை பார்க்கவா வந்திருக்கீங்க? உள்ளே கையை விட்டுப் பாருங்க. ஸ்பிரிங் இருக்கா?"

"இல்லையே..."

"இது ரேடியேட்டரோட கீழ் ஹோஸ். இதுலதான் பம்ப் தண்ணியை உறிஞ்சும். வேகமாப் போனா இது வயித்தை எக்கின மாதிரி ஒட்டிக்கும். தண்ணி போகாது. அப்புறம் உங்க கம்பீரம் நடுரோட்டுல ஆவி விட்டுட்டு நிக்கும்."

அவன் மறுபேச்சில்லாமல் நீலத்தை ஆணியில் மாட்டினான். ஆனால் திரும்பியபோது அவன் பார்வையில் ஒரு மரியாதை... மரியாதை மட்டும்தானா? அவள் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்று குட்டை. ஒன்றுக்கு வளைவு எதிர்ப்பக்கம். இன்னொன்றின் வாய் அகலம். "அகலமானதை கிளிப் போட்டு இறுக்கிக்கலாமே?" என்றான். "மடிப்பு விழுந்து அந்த வழியா ஒழுகும்" என்றாள். அவன் எட்டி எட்டி எடுத்துக் கொடுக்க, அவள் ஸ்கேலை வைத்து வைத்துத் தள்ள... அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

கடைசியில் உச்சி ஆணியிலிருந்து ஒரு வேன் ஹோஸ் இறங்கியது. முதல் வளைவு சரி. இரண்டாவது வளைவும் சரி. உள்ளே ஸ்பிரிங். ரப்பர் புதுசு, அமுக்கினால் அமுங்கி எழுந்தது. ஒரு நுனி மட்டும் நாலு விரற்கடை கூடுதல் நீளம்.

"வெட்டிக்கலாம்" என்றாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "உள் அகலம்தான் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் இருக்கணும்... பாருங்க!"

இருவர் தலையும் ஸ்கேல் மேல் குனிந்தன.

"முப்பத்திரண்டு மில்லி!"

ஒரே குரலில் கத்திவிட்டார்கள். அவன் மறுபடி எம்பினான். "இன்னொண்ணு இருக்குங்க! ஆளுக்கு ஒண்ணு!"

அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இப்படி ஒரு ஆளை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

"எதுக்கும் என் வண்டி போட்டோவோட ஒருதரம் ஒத்துப் பார்த்துடுங்க" என்று போனை நீட்டினான். "வண்டியை இன்னும் நேர்ல பார்க்கல. ஞாயித்துக்கிழமைதான் வாங்கப் போறேன். ஹோஸ் வெடிச்சிருக்குன்னு சொன்னாங்க, சரி, கையோட கொண்டுபோய் மாட்டி ஓட்டிட்டு வந்துடலாம்னுதான்... இதைப் பாருங்களேன், தண்ணி டப்பா மேல யாரோ எழுதி ஒட்டியிருக்காங்க. 'சூடா இருக்கும்போது திறக்காதே. திறந்துட்டு என்கிட்ட வந்து அழாதே.' இதைப் படிச்சதும் முடிவு பண்ணிட்டேங்க, வாங்கினா இந்த வண்டிதான். எழுதினவங்க யாருன்னு ஒருதடவை பார்க்கணும்."

அவள் பார்த்தாள். அவள் கையெழுத்து. அவள் ஒட்டிய காகிதம். அவள் கார்.

"யார் அனுப்பினது இது?"

"வண்டிக்காரர்தான். பாலிடெக்னிக்ல வாத்தியாராம்..."

"அவர் என் அண்ணன்." அவள் கண் கலங்கியது. "அந்தக் காகிதத்தை ஒட்டினது நான். அந்த வண்டி விற்பனைக்கு இல்லை."

"ஐயோ... எனக்குத் தெரியாதுங்க... சத்தியமா..."

அவள் நிற்கவில்லை. ஒரு ஹோஸுக்கான காசைக் கவுன்டரில் வைத்துவிட்டு மழைக்குள் நடந்தாள். குடையைக் கடையிலேயே மறந்துவிட்டதுகூடத் தெரியவில்லை.

அப்பா அண்ணன் பேரில் எழுதிக் கொடுத்த கார் அது. ஆனால் துடைப்பதும் ஓட்டுவதும் திட்டுவதும் கொஞ்சுவதும் அவள்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அண்ணா?"

அண்ணன் தலை குனிந்தான். "கேட்டா விடமாட்டே, குட்டி. அன்னிக்கு ஹோஸ் வெடிச்சு, ஆள் நடமாட்டமில்லாத ரோட்டுல மூணு மணி நேரம் தனியா நின்னியே... நீ போன் எடுக்காத அந்த மூணு மணி நேரம் நானும் அம்மாவும் பட்ட பாடு உனக்குத் தெரியாது."

கோபத்தைவிட அந்த மூன்று மணி நேரம்தான் அவளுக்குக் கனமாக இருந்தது.

"சரி" என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை காலையில மேட்டுத் தண்ணித்தொட்டி வரைக்கும் ஏத்திக் காட்டறேன். இஞ்சின் சூடு காட்டற முள் சிவப்பைத் தொட்டுச்சுன்னா நீ வித்துக்கோ. தொடலைன்னா இந்தப் பேச்சே வரக்கூடாது."

"சரி."

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை ஓய்ந்து வானம் கழுவி விட்டாற்போலிருந்தது. ஹோஸை அளவாக வெட்டி மாட்டிவிட்டாள். பழைய கிளிப்பைத் திருகினாள். துரு ஏறிய பட்டை 'டப்'பென்று அறுந்தது.

"இது வேணுமா?"

நிமிர்ந்தாள். வாசலில் அவன். ஒரு கையில் அவள் குடை. இன்னொரு கையில் நாலு புதுக் கிளிப்.

"வேண்டாம். என்கிட்ட இருக்கு."

"இருக்கறதைத்தான் பார்த்தேனே..." அறுந்த பட்டையைப் பார்த்தான். "இது உள்பக்கம் வழவழப்பா இருக்கும். ரப்பரை வெட்டாது. கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்கினேன்."

வாங்காதே என்றது ரோஷம். வாங்கு என்றது கார். கையை நீட்டினாள். விரல் பட்டது. பட்ட இடம் சுட்டது...

வண்டி ஓடினால் இவனுக்குத்தானே நஷ்டம்? பிறகு ஏன்...?

திண்டாடிக்கொண்டிருந்தவளிடம், வீட்டுக்குள்ளிருந்து வந்த அண்ணன் சாதாரணமாகச் சொன்னான்: "வாங்க வந்தவரும் கூட உக்காந்துட்டு வரட்டும். அவருக்கும் தெரியணும்ல?"

சிவப்புக் கார் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. முதல் வளைவில் முள் நடுவில். இரண்டாவது வளைவிலும் நடுவில். மூன்றாவதில்... முள் அசைந்தது. மெல்ல மேலே. இன்னும் மேலே...

"ஏறுதுங்க!" என்றான் அவன்.

"எனக்கும் கண்ணு இருக்கு! உள்ளே காத்து மாட்டியிருக்கு. ஹீட்டரைத் திருப்புங்க... முழுசா! இஞ்சின் சூட்டை அது வெளியே இழுக்கும்!"

திருப்பினான். நெருப்புக் காற்று முகத்தில் அறைந்தது. அவளுக்கு நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. அவன் மட்டும் அசையாமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குச் சுடலையா?"

"காலையில நாலு மணியிலேருந்து அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவன்ங்க நான்... இறங்குது! ஏங்க, இறங்குதுங்க!"

சிவப்புக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்ற முள், தயங்கித் தயங்கிக் கீழே வந்தது. நடுவில் நின்றது. அப்படியே நின்றது. அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினாள். அவனும் கத்தினான்.

தண்ணீர்த்தொட்டியின் நிழலில் காரை நிறுத்தினாள். இஞ்சின் பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றாள். "வண்டி உங்களுக்குக் கிடைக்காது."

"அது நாம கடையில பார்த்த வியாழக்கிழமையே கிடைக்காதுன்னு ஆயிடுச்சு. உங்க அண்ணனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவள் திரும்பினாள். "அப்ப... இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"கிளிப் குடுக்க."

"பொய்."

"...குடையும்."

"பொய்!"

அவன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது. இது ஹீட்டர் சூடு இல்லை.

"உங்களைப் பார்க்கத்தாங்க. அந்தப் பின்னறையில அரை மணி நேரம் பார்த்தேன். போதலை. மூணு நாளா மாவு பிசையறப்பவும் நீங்கதான்... 'அழாதே'ன்னு எழுதினவங்க அன்னிக்குக் கண் கலங்கிப் போனீங்க. அது என்னால தாங்க முடியல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்... அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"குட்டி! முள் எங்க நிக்குது?"

"நடுவுல, அண்ணா."

"நெஜமாவா? அவரைக் கேக்கவா?"

"அவரையா? வண்டியே வேண்டாம்னவரை எதுக்குக் கூட ஏத்திவிட்டே?"

மறுமுனையில் ஒரு அசட்டுச் சிரிப்பு. "வேண்டாம்னு சொல்லப் போன் பண்ணவர், உன்னைப் பத்தியே பத்து நிமிஷம் விசாரிச்சார். நேர்ல வாங்கன்னு நான்தான் சொன்னேன்."

பக்கத்தில் இருந்தவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா... எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

"அதை ஏன் என்கிட்ட சொல்றே? அவர்கிட்ட சொல்லு!"

"அவர் கேட்டுட்டுத்தான் இருக்கார், அண்ணா" என்றாள்.