படுக்கை காலியாக இருக்கக் கூடாது

என் கணவன் ரெமோவின் பெரியப்பா இறந்ததும் அந்த வீடு எங்களுக்கு வந்தது. ஆகஸ்ட் வெயிலில் சாமான்களோடும் ஆறு வயது மகள் வெலியாவோடும் குன்றேறி வந்து சேர்ந்தோம்.

இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் அடியில் பாறையைக் குடைந்த அறை உண்டு. ரோமானியர்களுக்கும் முன்பு இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் பிணங்களைக் கிடத்திய இடத்தில்தான் நாங்கள் திராட்சை மதுவை வைக்கிறோம். அதில் யாருக்கும் கூச்சமில்லை. எங்கள் அறையில் நான்கு கல் படுக்கைகள். கால்கள் செதுக்கிய மூன்றும் ஆண்களுக்கு. பெட்டிபோல் பக்கம் அடைத்த ஒன்று பெண்ணுக்கு. ஒவ்வொன்றிலும் பெரியப்பா ஒரு மதுக்குடுவையைக் கிடத்தியிருந்தார்.

கீழறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ரெமோ குடுவைகளை அகற்றிவிட்டுத் துடைத்தான். பக்கத்து வீட்டு நாசரேனோ எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி, படுக்கையைக் காலி பண்ணிட்டியா? ஒரு மூட்டை உருளைக்கிழங்காவது போட்டு வைடா."

"ஏன் மாமா, கிழங்குக்குத் தூக்கம் வருதா?"

"சிரி, நல்லா சிரி. காலியா விட்டா அது ஆள் தேடும்."

மறுநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது வெலியாவைக் காணோம்.

கீழறையில், பெண்ணின் கல் படுக்கையில் கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அறையில் மது வாசனையே இல்லை. நனைந்த மண்ணின் வாடைதான் மூக்கில் ஏறியது.

ரெமோ அவளைத் தூக்கப் பார்த்தான்.

முடியவில்லை.

சிமெண்ட் மூட்டையை அநாயாசமாகத் தூக்குகிறவன், பெற்ற மகளை அசைக்க முடியாமல் அழுதுகொண்டே நாசரேனோவைக் கூப்பிட ஓடினான். நான் தனியாக நின்றேன். மற்ற மூன்று படுக்கைகளிலும் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.



"அவளை விட்டுடுங்க," என்று கிசுகிசுத்தேன். "சின்னக் குழந்தை. நான் வரேன். எனக்கு ஒரு இடம் போடுங்க."

சத்தம் நின்றது.

"அம்மா, குளிருது," என்றாள் வெலியா.

அன்று மாலையே நான்கு குடுவைகளும் படுக்கைக்குத் திரும்பின. ரெமோ என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். நான் சொன்ன வார்த்தையை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

வெலியா இப்போது சதுக்கத்தில் ஓடி விளையாடுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள்.

நான் மதியம் ரொட்டிக்கு மாவு பிசையும்போது கீழே சத்தம் கேட்கும்.

டக். டக்.

"எங்கேயாவது தண்ணி சொட்டும், ஓர்னெல்லா," என்பான் ரெமோ.

போய்ப் பார்த்தேன். வெறுமையாக இருந்த சுவரில் ஐந்தாவது படுக்கை உருவாகிக்கொண்டிருந்தது. தரையில் புதுக் கல்தூள். பக்கங்கள் பெட்டிபோல் அடைபட்டிருந்தன. நாடா வைத்து அளந்தேன். என் உயரம், ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை. அதன்மேல் ஒரு குடுவையை வைத்துவிட்டு வந்தேன். காலையில் அது படிக்கட்டில், உடையாமல், பத்திரமாக நின்றது.

நேற்றுவரை தலை வைக்கும் குழி மட்டும் பாக்கி இருந்தது.

இன்று மாவு பிசைந்து முடித்துவிட்டேன். கீழே சத்தமே இல்லை.