முந்திக்கொண்ட குரல்

தூண் மண்டபத்தில் தஹானி சொன்ன முதல் வாக்கியத்துக்கு அன்று எதிரொலி வரவில்லை.

பதினான்கு வருடமாக எகிப்துப் பாலைவனத்திலிருக்கும் இதே பழங்கோயிலுக்கு ஆட்களைக் கூட்டி வந்து சுற்றிக் காட்டுபவள் அவள். வாசலைத் தாண்டி உள்ளே நின்று, கையை உயர்த்தி, "எல்லாரும் கிட்ட வாங்க" என்றால், அந்தச் சொற்கள் பன்னிரண்டு தூண்களையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கொஞ்சம் தடித்து, அவள் காதுக்கே திரும்பி வரும். அன்று சொற்கள் போயின, வரவில்லை. வௌவால் எச்சத்தின் காரமான வாடை, முதுகுக்குப் பின்னால் நண்பகல் வெயிலில் வெந்துகொண்டிருந்த மணலின் சூடு, கல்லுக்குள்ளிருந்து கசிந்து காலைத் தொடுகிற குளிர் எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. எதிரொலி மட்டும் இல்லை.

"என்ன உஸ்தாஸா, டீச்சருக்கே பாடம் மறந்துபோச்சா?" என்றார் ஹஷ்மத்.

கெய்ரோவில் ஏதோ காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்திருந்த பதினோரு பேரில் அவர்தான் மேலாளர். காலையில் லக்ஸரிலிருந்து வேன் கிளம்பியது முதல் தெற்கத்திக்காரர்களைப் பற்றிய நையாண்டிக் கதைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் தஹானியைத் திரும்பிப் பார்த்து, "கோச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரித்தார்கள். போன மாதமே அவள்மேல் ஒரு புகார் போயிருந்தது. இன்னொன்று போனால் இந்த வேலை இருக்காது.

"மறக்கல, பாஷா" என்றாள் தஹானி, பெரிய மனிதர்களுக்கான மரியாதைச் சொல்லை விடாமல். கோயிலுக்குள் மின்விளக்கு கிடையாது. டார்ச்சைத் தூணின்மேல் அடித்தாள். "இந்த முகங்களை யாரோ உளியால கொத்தி எடுத்திருக்காங்க. கண்ணு, மூக்கு, காது எல்லாம் போச்சு. ஆனா வாயை மட்டும் தொடாம விட்டுட்டாங்க."

ஒரு பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தஹானி அடுத்த தூணுக்கு நடந்து, அங்கே நின்று, மூச்சு வாங்கி, அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து வந்தது.

"வாயை மட்டும் தொடாம விட்டுட்டாங்க."

அவளுடைய குரல். அவளுடைய தெற்கத்தி இழுப்பு. ஆனால் காலையிலிருந்து கத்திக் கத்தி அவள் தொண்டையில் ஏறியிருந்த கரகரப்பு அதில் இல்லை.

"எதிரொலி கூடத் தெற்கத்தி எதிரொலி! அரை மணி லேட்டு" என்றார் ஹஷ்மத். எல்லோரும் சிரித்தார்கள். தஹானியும் சிரிக்கப் பார்த்தாள்.

இரண்டாவது அறையில் அந்தக் குரல் அவளோடு சேர்ந்தே பேசியது. அவள் "இது நைவேத்திய அறை" என்றபோது அதுவும் அதே நொடியில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அதையே சொன்னது. அவள் நடுவில் நிறுத்தினாள்.

அது நிறுத்தவில்லை. வாக்கியத்தை முடித்தது.

"இந்த ராணி பேரு என்ன?" ஹஷ்மத் சுவரில் செதுக்கியிருந்த உருவத்தைக் காட்டிக் கேட்டார்.

"பேரை அழிச்சிட்டாங்க, பாஷா. யாருக்கும் தெரியாது."

உள்ளேயிருந்து குரல் ஒரு பெயரைச் சொன்னது. நீளமான பெயர். தஹானி எந்தப் புத்தகத்திலும் படித்திராத பெயர். அதைச் சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு கொஞ்சல் இருந்தது.

"ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்களா உஸ்தாஸா?" என்றாள் கைக்குட்டைப் பெண். அவள் பெயர் இன்ஜி. "இது எவ்வளவோ தேவல. நேர்ல நீங்க சொல்றது ஒப்பிக்கிற மாதிரி இருக்கு."

"ரெக்கார்டு இல்ல. உள்ள போகாதீங்க. கேளுங்க, தயவுசெஞ்சு…"

"தள்ளுங்கம்மா" என்றார் ஹஷ்மத். "சொல்லத் தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

அவர்கள் அவளை உரசிக்கொண்டு போனார்கள். ஒருவன் தோளால் இடித்தான், திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு பேரும் குனிந்து, தாழ்ந்த வாசல் வழியாகக் கடைசி அறைக்குள் நுழைந்தார்கள். வெளியே ஓடிவிடலாம் என்று தஹானிக்குத் தோன்றியது. பதினோரு பேரை உள்ளே விட்டுவிட்டு எப்படி ஓடுவது? வாசலில் குனிந்து டார்ச்சை அடித்தாள்.

நான்கடி அகலமே உள்ள அறை. பின்பக்கம் வழி இல்லை. பதினோரு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு, மொட்டைச் சுவரைப் பார்த்து நின்றார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. செத்தவரின் உதட்டைக் கருவியால் தொட்டு, மறுபடி பேச வைக்கும் சடங்கைப் பற்றி அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. தஹானி தினமும் சொல்வதுதான். ஆனால் இப்படி அல்ல.

"உதட்டுல பட்டப்போ சில்லுனு இருந்துச்சு" என்றது குரல். "அப்புறம் பேச ஆசை வந்துச்சு. ஆனா குரல் இல்ல."

"வெளிய வாங்க!" என்று தஹானி கத்தினாள்.

குரல் நின்றது. அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீளமாக. நிறுத்தாமல். அவள் தொண்டைக்குள்ளிருந்து நூல் உருவுவதுபோல ஏதோ போயிற்று. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி கத்தினாள்.

சத்தம் இல்லை.

கைதட்டல் கேட்டது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், முகம் மலர்ந்து. "கடைசியில பிரமாதப்படுத்திட்டீங்க" என்றார் ஹஷ்மத். அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்குச் சற்றுப் பின்னால் பார்த்துச் சொன்னார்.

வேனில் டிரைவர் ஷாஸ்லி கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? டாக்டர்கிட்ட போவமா?" என்று கேட்டபடியே சாவியைத் திருகக் குனிந்தான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள்.

"ஒண்ணும் இல்ல ஷாஸ்லி. வெயிலு. நீ வண்டிய எடு" என்றது அவளுடைய குரல், கடைசி சீட்டிலிருந்து.

அவன் வண்டியை எடுத்தான். தஹானி திரும்பிப் பார்த்தாள். கடைசி சீட்டில் பைகள் மட்டும். முன்சீட்டுகளில் பதினோரு தலைகள். எல்லாம் பின்பக்கம் திரும்பி, காத்திருந்தன. குரல் கதை சொல்லத் தொடங்கியது. அவர்கள் சிரித்தார்கள். பாலைவனச் சாலையில் பத்து கிலோமீட்டர். இருபது. திடீரென்று குரல் நின்றது. வேனுக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்.

கைப்பேசி அடித்தது. வீடு. எட்டு வயது மகள் ருகையா பள்ளி விட்டு வந்திருப்பாள். அம்மா குரல் கேட்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

எடுத்தாள். பேச முயன்றாள். முடியவில்லை.

"அம்மா? ஏம்மா பேச மாட்டேங்குற?"

நகத்தால் கைப்பேசியைத் தட்டினாள். வேகமாக. இன்னும் வேகமாக.

"யாரும்மா தட்டுறது? இரு… இங்க கதவுலயும் தட்டுறாங்க."

தஹானி ஷாஸ்லியின் தோளில் அடித்தாள். அவன் பிரேக் போட்டான். "என்னக்கா? என்ன?" வீடு இருக்கும் லக்ஸருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரப் பாதை. கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள்.

மரக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மெல்ல, அன்பாக, அவளுடைய குரல் கேட்டது.

"நான்தான் கண்ணு. தாழ்ப்பாளை எடு."

"அம்மா வந்துட்டாங்க!" என்றாள் ருகையா. கைப்பேசியை எங்கோ வைத்த சத்தம். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. முக்காலியை இழுக்கிறாள். அதன் கால்கள் தரையில் உராய்கின்றன. அவள் ஏறுகிறாள்.

இரும்பு மெதுவாக நகர்ந்தது.