கடலடியில் ஒரு தகவல்

கணுக்காலைத் தண்ணீர் தொட்டதும் இருளப்பன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

கடலடிச் சுரங்கத்தில் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய அறை அது. கதவு குரல்சல்லடையின் பொறுப்பு. எட்டு மொழிக்காரர்கள் வேலை செய்யும் இடமென்பதால் அந்த இயந்திரம் சொல்லைப் பார்க்காது. குரலின் நடுக்கத்தை அளந்து, அதற்கு ஒரு வகை முத்திரை குத்தும். தகவல் என்றால் வேலை ஓடும். எச்சரிக்கை என்றால் பொத்தானை அழுத்திவிட்டுத் தொடரலாம். பிழை என்றால் ஆள் வந்து சரிசெய்யும்வரை எல்லாம் நிற்கும். முறிவு என்றால் கதவு திறக்கும். ஆளை மேலே இழுத்து, ஒப்பந்தத்தை ரத்துசெய்து, ஊருக்கு அனுப்பிவிடும்.

வீட்டிலிருந்து வரும் பேச்சும், ஆபீசுக்கு வரும் போனும்கூட அந்தச் சல்லடை வழியாகத்தான். போன வருஷம், கூட வேலை செய்த சித்திரைவேலின் மனைவி போனில் ஒப்பாரி வைத்தாள். செத்தது எருமை. முறிவு விழுந்து, மறுநாளே அவன் விமானம் ஏறினான்.

அன்றைக்கே இருளப்பன் தங்கைக்குப் பாடம் எடுத்தான்.

"பஞ்சு, என்ன நடந்தாலும் அழுவாத. கடைக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்ற மாதிரி சொல்லு."

"செத்தாலுமாண்ணே?"

"செத்தாலுந்தான்."

அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததை அவள் அப்படித்தான் சொன்னாள். அந்த வைத்தியம் இவன் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஆகவே முறிவு விழக்கூடாது, பிழை போதும். குரலில் அளவாக நடுக்கம் சேர்த்தான். "அறையில தண்ணி வருது."

"தகவல். வேலை தொடரட்டும்," என்றது சல்லடை.

முழங்காலுக்கு ஏறியது. இன்னும் கொஞ்சம் பதறிப் பார்த்தான். "தகவல்."

இடுப்புக்கு வந்ததும், ஒப்பந்தமாவது மண்ணாவது என்று அலற வாயைத் திறந்தான். குளிரில் பல் கிட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. அதற்கும் தகவல்.

கழுத்துப்பட்டையிலிருந்த மைக்கில் முணுமுணுத்தால் போதும், வீட்டுக்கு மட்டும் எழுத்தாய்ப் போய்ச் சேரும்.

"பஞ்சு, அறைக்குள்ள தண்ணி ஏறுது. கதவு தொறக்கல. ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லு. சீக்கிரம்."

தண்ணீர் மார்பைத் தொட்டது. கதவின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பட்டையில் பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது.

"சொல்லிட்டேண்ணே. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாத. எனக்குக் கையெல்லாம் வெடவெடங்குது. ஆனா நீ சொல்லிக்குடுத்த மாதிரியே, குரல் கொஞ்சங்கூட நடுங்காமச் சொன்னேன்."