மாரிசெல்வியின் மன்னிப்புக் கடிதம்

"கதவச் சாத்துங்க... சாரல் கம்ப்யூட்டர்ல அடிக்குது!"

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இணைய சேவைக் கடைக்குள் சொட்டச் சொட்ட வந்து நின்ற மாரிசெல்விக்குச் சுர்ரென்று ஏறியது. நனைஞ்சு வந்தவள ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை கிடையாது... முறைத்தாள். கடைக்காரனும் நிமிர்ந்தான். அடேயப்பா... என்ன கண்ணு அது! மழை குடித்த கரிசல் மாதிரி கன்னங்கரேலென்று... ஒரு நிமிஷம் வந்த காரியமே மறந்து போச்சு அவளுக்கு.

"இத ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க." செல்போனை நீட்டினாள். குரலில் மட்டும் வீறாப்பை விடவில்லை.

கடைக்காரன் கார்த்திகேசன் வாங்கி, அதிலிருந்த மன்னிப்புக் கடிதத்தை வாசித்தான். வாசித்தவன் சட்டென்று எழுந்தான்.

"நீங்களா... ஹேக்கிங் பத்தி புத்தகம் எழுதுன மாரிசெல்வி?"

"ஆமா. திட்டணும்னா வரிசையில நில்லுங்க. எங்க ஊரே நிக்குது."

பொய்யில்லை. அவள் ஊரில் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிந்த அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. குலசாமி பேர்! மறக்காதாம். ஒரே சாமியைக் கும்பிடுகிற நாற்பது வீட்டுக்கும் ஒரே சாவி... அதைத்தான் அவர்களிடமே சம்மதம் கேட்டுக்கொண்டு, அவர்கள் கண் முன்னாலேயே கணக்கைத் திறந்து காட்டி, புத்தகத்திலும் எழுதினாள். திருடக் கத்துக் குடுக்கா, சாமி பேரைக் கெடுத்துட்டா என்று ஊர் குதித்தது. எழுதியது பொய்யென்று கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால், வருகிற கொடைத் திருவிழாவில் அவள் வீட்டுப் பொங்கல் பானை கோயிலுக்குள் வரக்கூடாதாம். அவளைப் பெத்த ஐயா ஆறுமுகசாமி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்தப் பாஸ்வேர்டு எல்லாம் போட்டுக் குடுத்தது நாந்தான்" என்றான் கார்த்திகேசன்.

மாரிசெல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புத்தகத்த வாசிச்சிட்டு ரெண்டு நாள் வாய்க்கு வந்தபடி உங்கள வஞ்சேன். மூணாம் நாளு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு மாத்த ஆரம்பிச்சேன். நீங்க எழுதலைன்னா எவனாவது புகுந்து அவங்க பேங்க் நம்பரையே மாத்திருப்பான்... இத நான் பிரிண்ட் எடுக்க மாட்டேன்."

"கடையத் தெறந்து வச்சுக்கிட்டு மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

"நீங்க பொய்னு எழுதிக் குடுத்தா, நான் செஞ்சது சரின்னு ஆயிரும்லா? தப்பு என்னுது. அத நீங்க சுமக்கப்படாது."

"பெரிய தியாகி! எங்க ஐயா கோயிலுக்கு வெளிய நிப்பாரு... நீங்களா கூட வந்து நிப்பீங்க?"

"நிக்கேன்! ஊர்க்கூட்டத்துல நாந்தான் போட்டேன்னு சொல்லிட்டு, உங்க பானை பக்கத்துலயே வந்து நிக்கேன்."

"அப்புறம் உங்க கடைக்கு ஈ காக்கா வராது..."

"வராட்டிப் போகட்டும். உங்க கண்ணப் பாத்துக்கிட்டு என்னால பொய்யா இருக்க முடியலைங்க..." சொல்லிவிட்டு, வெட்கம் தாங்காமல் மவுசைப் போட்டுத் தேய்த்தான்.

வெளியே மழை வெளுத்து வாங்கியது. மூன்று மாதமாகத் தன்னந்தனியாக ஊரோடு மல்லுக்கட்டியவளுக்கு இப்போது பக்கத்தில் நிற்க ஒரு ஆள். அழப்படாது... அழவில்லை. போனை வாங்கி, கடிதத்தை அவன் முன்னாலேயே அழித்தாள். அதே போனில் ஐயாவைக் கூப்பிட்டாள்.

"ஐயா, கையெழுத்துப் போட மாட்டேன். நான் எழுதுனது நெசம்."

"ஏட்டி... அப்ப பொங்கலு?"

"வெளிய வச்சுப் பொங்குவோம். கூட ஒருத்தரு வந்து நிக்கேங்காரு."

"யாருட்டி அது?"

கார்த்திகேசன் மவுசை விட்டுவிட்டு நிமிர்ந்தான். மாரிசெல்வி அவனை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"எனக்குப் புடிச்சவரு, ஐயா."