சார்ஜ் நிற்காத போன்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வையுங்கள். அந்த வெளிச்சம் முகத்தில் அடித்தால் கதை மனசில் தங்காது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருந்த புஷ்பவல்லியின் கதையைச் சொல்கிறேன்.

அவளுடைய போனில் சார்ஜ் நிற்கவில்லை. முதலில் அவ்வளவுதான். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அவள் வேலை செய்யும் துணிக்கடையில் பகலெல்லாம் பைக்குள் கிடக்கும்போது அசையாமல் இருக்கும் சார்ஜ், வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி இறங்கியது. வீட்டில் மட்டும்.

அந்தப் போன்தான் அவளுக்கு உயிர். மகள் விஷ்ணுப்ரியா கிள்ளானில் நிறைமாதம். மருமகன் சிங்கப்பூரில் வேலை. வலி எடுத்தால் முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். அந்த நேரம் பார்த்துப் போன் அணைந்து கிடந்தால்?

கடைக்குப் பக்கத்தில் போன் பழுது பார்க்கும் ஷபீரிடம் கொடுத்தாள். வெளிச்சத்தைக் குறைத்தான், லொகேஷனை அடைத்தான், பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தினான். எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பக்கத்தையும் சொல்லிக் கொடுத்தான்.

"போன் மேல குத்தம் இல்லக்கா. உங்க வீட்டுல வேற யாரோ குடிக்கிறாங்க லா," என்று சிரித்தான்.

வீட்டில் வேறு யாருமே இல்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

அன்று சாயங்காலம் இடியோடு மழை பிடித்து, கட்டடம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றதும், அதுவரை அதன் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த ஓசைகளெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: குழாய்ச் சொட்டு, தூரத்தில் மோனோரயில் உரசிப் போவது, ஈரச் சுவர் ஊறுவது போல ஒரு மெல்லிய கசகசப்பு. கூடவே தைல வாசனை. அவளுடைய அக்காள் முன்பு இருந்த, இப்போது மூடிக் கிடந்த அறைப் பக்கமிருந்து.

சார்ஜ் ஏற்ற வழியில்லை. இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று ஷபீர் சொன்ன பக்கத்தைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே புளூடூத் இருந்தது. தொட்டாள்.

வீரம்மா. இணைந்துள்ளது.

வீரம்மா அவளுடைய அக்காள். கல்யாணம் கட்டாமல் தங்கையோடு இந்த வீட்டிலேயே இருந்தவள். காது கேட்காது. அவள் மாட்டியிருந்த காது மெஷினை இந்தப் போனோடுதான் இணைத்திருந்தார்கள். மகள் பிரியா கூப்பிட்டால் குரல் நேரே பெரியம்மா காதுக்குப் போகும். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். போன மாதம் இறந்துபோனாள். மெஷினைக் கழற்ற மனம் வராமல் அதோடேயே எரித்தார்கள்.

சவப்பெட்டியைத் தூக்கியபோது புஷ்பவல்லி ஒரு தவறு செய்தாள். அக்காள் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்லிப் பழகிய சொல், வாய் தவறி வந்துவிட்டது.

"போயிட்டு வாக்கா."

சாவு வீட்டில் யாரும் சொல்லாத சொல். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்தினார்கள். ஒரு பெரியவள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். ஆனால் பெட்டிக்குள் இருந்தவள் காதில்தான் மெஷின் இருந்ததே.

இப்போது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மெஷினின் சார்ஜும் தெரிந்தது. போனில் ஒரு சதவீதம் இறங்கியது. மெஷினில் ஒன்று ஏறியது. இன்னொன்று இறங்கியது. இன்னொன்று ஏறியது.

புளூடூத்தை அணைத்தாள். தானாகவே திரும்பி வந்தது.

காது மெஷினைக் கையால் மூடினால் கீச்சென்று விசிலடிக்கும், தெரியுமா? அந்த விசில் கேட்டது. அறைக்குள்ளிருந்து. யாரோ காதில் சரியாகப் பொருத்திக்கொள்கிறார்கள்.

போன் அடித்தது. பிரியா.

எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை. மூடிய கதவுக்கு அப்பால், ஒரு ஆள் நிற்கும் உயரத்தில், மகளின் குரல் கொசு மாதிரிக் கேட்டது.

"அம்மா, வலி வந்துருச்சும்மா. டாக்சி வந்து நிக்குது. ஆஸ்பத்திரிக்கு நேரா போயிடவா?"

"போ கண்ணு. நேரா போ. இங்க வராத," என்றாள் புஷ்பவல்லி. திரும்பத் திரும்பச் சொன்னாள். போனுக்குள் எதுவும் போகவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் போனது. அக்காள் குரலும் தங்கை குரலும் போனில் ஒன்றுதான். பிரியாவே அடிக்கடி அம்மா என்று நினைத்துப் பெரியம்மாவிடம் பேசிவிடுவாள்.

"ஆஸ்பத்திரி எதுக்கு? இங்க வா கண்ணு. நான் பாத்துக்கறேன்."

போன் அணைந்தது. தீர்ந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி.

பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"சரிம்மா. ஏறிட்டேன்."

"வா. வா."

வாசலுக்கு ஓடத் திரும்பினாள். அறைக்குள் பழைய சேலையை உதறும் சத்தம். அதை மேலே தொங்கும் தொட்டில் ஸ்பிரிங்கில் மாட்டும் சத்தம். பிறகு யாரோ ஆட்டிப் பார்த்தார்கள்.

கிரீச்.

கிரீச்.

கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டால் பெற்றவளே பதில் சொல்லட்டும். உங்கள் வாசல் தேடி வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடு வரட்டும். குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.