முன்னுக்குத் தள்ளிய இருக்கை

"அந்தக் காரை விக்க வெச்சவளே நீதானடி! இப்ப எந்த முகத்தோட போய்த் திரும்ப வாங்கப் போற?"

வில்மா காப்பிக் கோப்பையை மேசைமேல் அறைந்து வைத்தாள். முட்டை பொரித்துக்கொண்டிருந்த லோரீன் திரும்பவில்லை. நாத்தனார் வில்மா விதவையாகி இந்த வீட்டு மாடியறைக்கு வந்த நாளிலிருந்து, காலைச் சாப்பாட்டோடு சேர்ந்தே வருகிற பேச்சுதான் இது.

"இருக்கிறது ஒரே முகம்தான் அக்கா. அதோடதான் போகணும்" என்றபடி அடுப்பை அணைத்தாள்.

எதிர்த்துப் பேசுகிற வழக்கமே அவளுக்கு இல்லை. மகன் டேரல் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான். கணவன் கிளேட்டன் ஒருகணம் நிமிர்ந்து, உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

லோரீன் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறைக்குப் பால் கொண்டுவருகிறவன்தான் சொன்னான். ஒரு சோளக்காட்டுக்காரர் கொட்டகையில் ஆரஞ்சு நிற ரோடு ரன்னர் கார் ஒன்று கிடக்கிறதாம். அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி, பந்தய வேகத்துக்குப் பெயர்போன ஹெமி எஞ்சின் போட்டது. அந்த எஞ்சினோடு வந்தவை அந்தக் காலத்திலேயே அபூர்வம். கதவில் நாற்பத்தேழு என்ற பந்தய எண் பாதி அழிந்து தெரிகிறதாம். கேட்டதும் லோரீன் கரண்டியை வைத்துவிட்டு, வழியை எழுதி வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் கிளேட்டன் பெயருக்குக் கோப்பைகளாகக் குவித்த வண்டி! டேரல் வயிற்றில் இருந்தபோது விற்ற வண்டி!

"அம்மா, நான் வாங்கறேன். பழுது பாத்து, கதவுல அப்பா பேரை மறுபடி எழுதி, அவருக்கே கொடுக்கறேன். நீ எதுக்கு இதுல...?"

"ஏன், நான் பாத்திரம் கழுவுன காசு செல்லாதா? நான்தான் வாங்குவேன். என் பேர்ல!"

"பாத்தியாடா உங்கம்மாவ!" வில்மாவின் குரல் உடைந்தது. "அன்னைக்கு எந்தம்பி அழுதுக்கிட்டே வந்து சொன்னான், 'அவ பிடிவாதம் புடிச்சா, வித்துட்டேன் அக்கா'ன்னு. புருஷனுக்குக் கிடைச்ச பேரு இவளுக்குப் பொறுக்கல! இப்ப அவன் கண்ணு முன்னாடியே அதுல ஊர்வலம் போகணுமாம்..."

லோரீன் கிளேட்டனைப் பார்த்தாள். அவன் தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"டிரெய்லர மாட்டு டேரல்" என்றாள். "வர்றவங்க வரலாம். வராதவங்களுக்கு முட்டை இருக்கு."

எல்லோருமே வந்தார்கள்.

ஹார்லன் என்ற அந்தச் சோளக்காட்டுக்காரர் தார்ப்பாயை இழுத்தார். வைக்கோல் தூசி பறந்து அடங்கியதும் அந்த ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. லோரீன் அருகில் போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா உக்காந்த இடத்துல ஒருதரம் உக்காந்துக்கறேன்" என்று டேரல் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான். பாதிதான் போக முடிந்தது. முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன. "இருக்கை பின்னால நகர மாட்டேங்குதே..."

"நகராது தம்பி" என்றார் ஹார்லன். "தரையில புதுசா துளை போட்டு, முன்னுக்குத் தள்ளி முடுக்கியிருக்கு. கிளட்ச் மேல மரக்கட்டை வேற. நான் வாங்கும்போதே அப்படித்தான். யாரோ குட்டையான ஆளு ஓட்டியிருக்கணும்."

வில்மா தம்பியைப் பார்த்தாள். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நிற்கும் உயரம் அவன். பிறகு, அவன் மார்பளவுகூட வராத லோரீனைப் பார்த்தாள்.

"கிளேட்... என்னடா இது?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "அவதான் ஓட்டினா."

"என்னது?"

"எல்லாப் பந்தயமும் லோரீன்தான் ஓட்டினா அக்கா. அந்தத் திடல்ல பொம்பளைங்கள விடமாட்டாங்க. என் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டு ஏறுவா. ஜெயிச்சதும் திடலோட அந்தக் கோடியில, யாரும் பாக்கறதுக்கு முன்னாடி சட்டையையும் ஹெல்மெட்டையும் நான் மாட்டிக்கிட்டு, இறங்கி வந்தவன் மாதிரி வண்டி பக்கத்துல நிப்பேன். இவன் வயித்துல வந்ததும் இவளால ஏற முடியல. எனக்கு அந்த வேகம் வராது... ஓட்டினா குட்டு உடைஞ்சிடும்னு, இவகிட்ட சொல்லாமலே வித்துட்டேன். பழிய இவ மேலயே போட்டேன்."

"அடப் பாவி...!" வில்மா சட்டென்று திரும்பினாள். "நீயாவது சொல்லக் கூடாதாடி? இத்தனை வருஷம் என் வாயில விழுந்து எழுந்தியே!"

"அப்பதான் இவன் வேலை பாத்த தொழிற்சாலையில ஆளைக் குறைச்சாங்க" என்றாள் லோரீன். "வேலையோட பேரும் போச்சுன்னா மனுஷன் எந்திரிக்க மாட்டான்னு நெனச்சேன். எந்திரிச்சதும் அவனே சொல்லுவான்னு காத்திருந்தேன். சொல்லல. இனிமே எவனுக்காகவும் காக்கறதா இல்ல அக்கா."

வில்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். லோரீனும் அழுதாள். ஆனால், கிளேட்டன் நீட்டிய கையை உடனே பிடிக்கவில்லை.

ஹார்லன் செருமினார். "விலைய யாருகிட்ட பேசணும்?"

"எங்கம்மாகிட்ட" என்றான் டேரல்.

பேசினாள். விட்டுக்கொடுக்காமல் பேசினாள். ஹார்லன் கடைசியில் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

டயர்களுக்குக் காற்றடித்தபின், வண்டியை வாசல்வரை தள்ள வேண்டியிருந்தது. யாராவது உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். யார் என்று யாரும் கேட்கவில்லை. லோரீன் ஏறி உட்கார்ந்தாள். கால் மரக்கட்டையில் சரியாகப் போய் நின்றது.

பின்னால் டேரலும் வில்மாவும் குனிந்தார்கள். கிளேட்டன் தயங்கி நின்றான்.

"உனக்குத் தனியா சொல்லணுமா, கிளேட்?" லோரீன் சன்னல் வழியாகக் கத்தினாள். "தள்ளு!"

அவன் தோளைக் கொடுத்தான். வண்டி நகர்ந்தது.