இரண்டாவது புள்ளி

2010, அக்டோபர் 4. காலை 9.10.

ஜப்பானின் கனசாவா நகரில் ஹிவதாஷி ஹிசானோ, கணவர் இறந்து ஏழு வருடமாகத் திறக்காத மரப்பெட்டியைத் திறந்தாள். அவர் நோ என்னும் மரபு நாடக மேடையில் அணிந்த முகமூடியைக் காணோம். பட்டுத்துணி மட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் இவாகிரி தமாயே அன்று மாலைக்குள்ளேயே முகமூடியைக் கண்டுபிடித்துவிட்டாள். மீட்கத்தான் முடியவில்லை. பழம்பொருள் வியாபாரி நெசு மொதோஹாரு அதைக் கடையில் பகிரங்கமாகவே வைத்திருந்தார். கேட்டதும் ஒரு கடிதத்தை நீட்டினார். 2001இல் ஹிசானோவின் கணவர் முகமூடியை நெசுவுக்கு அன்பளிப்பாகத் தந்ததாகக் கணினியில் அச்சிட்ட கடிதம். கீழே அச்சிட்ட பெயர், அதன்மேல் கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய சிவப்பு முத்திரை.

முத்திரை அசல் என்றார் நிபுணர். காகிதமும் கணவருடையதே. போன வருடம் புத்தகங்களைப் பட்டியலிட வந்த நெசு, கணவரின் அறையில் இரண்டு நாள் தனியாக இருந்திருக்கிறார். முத்திரையும் காகிதமும் அந்த மேசையில்தான் இருந்தன. சந்தேகத்தை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது என்று அரசு வழக்கறிஞர் கைவிரித்துவிட்டார்.

அக்டோபர் 12. பிற்பகல் 2.00.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கப் போனாள் தமாயே. ஹிசானோ பேனாவைத் தொடவில்லை.

"இது என் பேர் இல்லீங்க."

"ஹிவதாஷின்னுதானேம்மா போட்டிருக்கு?"

"எங்க பேரோட முதல் எழுத்துல ஒரு புள்ளிதான். இதுல ரெண்டு இருக்கு. புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலேர்ந்து நகராட்சி, ஆஸ்பத்திரி, எங்க போனாலும் இதே கூத்து. கேட்டா, ரெண்டும் ஒரே எழுத்துதானேங்கறாங்க. அவர் இருந்தா கிழிச்சே போட்டிருப்பார்."

எட்டு நாள் அலைச்சலில் ஏற்கெனவே நொந்திருந்த தமாயேவுக்கு எரிச்சல் முட்டியது. அந்தப் புள்ளியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தவள், அப்படியே நிறுத்தினாள். பையிலிருந்த நெசுவின் கடிதப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். பிறகு, கணவர் தம் வீட்டுக் கணினியில் அச்சிட்ட பழைய புத்தாண்டு வாழ்த்து அட்டைகளைக் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை 9.00. நெசுவின் கடை.

"கடிதத்தை யார் அச்சடிச்சது?"

"அவரேதான்."

"எப்போ?"

"அதான் தேதி போட்டிருக்கே. 2001."

தமாயே அட்டைகளை வரிசையாகப் பரப்பினாள். எல்லாவற்றிலும் ஒரு புள்ளி. பக்கத்தில் கடிதத்தை வைத்தாள். இரண்டு புள்ளி.

"நீங்கதான் அச்சடிச்சீங்க, நெசு சார். கம்ப்யூட்டருக்கு எழுத்துங்கறது ஒரு நம்பர். அந்த நம்பர் மாறலை. ஆனா 2004ல அதோட உருவத்தை மாத்தினாங்க. ஒரு புள்ளி ரெண்டாச்சு. அவர் மெஷின்ல அடிச்சா ஒண்ணுதான் வரும். உங்க புது மெஷின்ல ரெண்டு வரும். அவர் இறந்தது 2003."

நெசு கடிதத்தை எடுத்து அட்டைகளோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"கவனிச்சேன்," என்றார். "ஒரே எழுத்துதானேன்னு விட்டுட்டேன்."

மாலை 4.00. முகமூடி வீடு வந்து சேர்ந்தது. ஹிசானோ அதன் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, உடனே திருப்பினாள். முப்பது வருடம் கணவரின் நெற்றி வியர்வை பட்டுக் கறுத்திருந்த உட்புறத்தை, நெசு விற்பனைக்காகத் தேய்த்து மெருகேற்றியிருந்தார். அது புதுப்பலகை போலப் பளபளத்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவியபடி அவள் சொன்னாள்:

"அந்தக் கறையைப் பார்க்கத்தாங்க பெட்டியைத் திறந்தேன்."

தமாயே தொப்பியைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.